பிளாங்க் பாட்டிலில் ஆறு நானோ

சீத்தாமேட்டுக் கிணறுகளில் தங்கம் ஏறி இறங்க ஆரம்பித்த வருடத்தில், அந்த ஊரில் மாதச் சம்பளம் வாங்கியும் உடம்பில் பொட்டுத் தங்கம் இல்லாமல் நடமாடிய ஒரே பெண்பிள்ளை குணவதிதான். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, காதுத் துளை தூர்ந்துவிடாமலிருக்க இரண்டு வேப்பங்குச்சி, கையில் ரப்பர் பட்டை போட்ட கடிகாரம், அவ்வளவுதான். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ஏதோ குலதெய்வத்துக்கு வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். வேண்டுதலும் இல்லை, வைராக்கியமும் இல்லை. அவள் வேலை அப்படி.

மலையடிவாரத்தில், புளியந்தோப்பைத் தாண்டி, தண்ணீர் சோதிக்கிற சர்க்கார் லேப் ஒன்று இருந்தது. குணவதி அதில் பதினெட்டு வருடமாக வேதியியலர். பல்லில் காவி ஏறுகிற ஊர் என்பதால் அதுவரை அவள் அளந்தது ஃப்ளோரைடு மட்டும்தான். அளந்தாள், எழுதினாள், மேலே அனுப்பினாள், மேலே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் மேலிடத்தில் யாருக்கோ சீத்தாமேட்டு மலைக்குள் தங்கம் இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. மலையைத் தோண்டாமலேயே அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. பாறையைத் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர் பாறையில் இருப்பதில் துளியாவது தன்னோடு எடுத்துக்கொண்டுதான் வரும், ஆகவே சுற்றிலும் உள்ள கிணறுகளில் கிணற்றுக்கொரு லிட்டர் மொண்டு, எந்தப் பக்கத்துத் தண்ணீரில் தங்கம் கூடுதல் என்று பார்த்துக்கொண்டே போனால், அது மலையின் எந்த இடுக்கில் ஒளிந்திருக்கிறது என்று பிடித்துவிடலாம். அதற்காக ஒரு மெஷின் லாரியில் வந்து இறங்கியது. அதன் முழுப் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதாது. ஊர் அதற்கு மோப்ப மெஷின் என்று பெயர் வைத்தது, அதுவே நிலைத்தது.

மோப்ப மெஷின் அளப்பது நானோகிராம் கணக்கில். ஊர் ஏரி நிரம்பி நிற்கும்போது அதில் ஒரு குன்றிமணித் தங்கத்தைப் போட்டு, அது முழுக்கக் கரைந்து, ஏரி பூராவும் பரவி, அப்புறம் கரையில் குனிந்து ஒரு லிட்டர் மொண்டால் அதற்குள் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் ஒரு நானோ. இந்த அளவில் விளையாட்டுக் கூடாது. மோதிரம் போட்ட விரல் பாட்டில் வாயைத் தடவிவிட்டால் போதும், மலைக்குள் சுரங்கமே இருப்பதுபோல எண் எகிறிவிடும். ஆகவேதான் குணவதி தோட்டைக் கழற்றினாள், செயினைக் கழற்றினாள், சுவரில் மாட்டியிருந்த ஜிகினா ஒட்டிய லட்சுமி படத்தைக்கூடக் கழற்றி வாட்ச்மேன் அறைக்கு அனுப்பினாள்.

ஆடி பிறந்தது. டீக்கடை முனிரத்தினத்தின் கிணற்றில் பதினோரு நானோ இருந்தது. அதே சுவரை ஒட்டி, அதே பாறையைக் குடைந்து, அதே ஊற்றில் நிற்கிற கவுன்சிலர் பெருமாளப்பனின் கிணற்றில் ஒன்றுமே இல்லை. ஐதராபாத்திலிருந்து வந்திருந்த புவியியல் அதிகாரி தலையைச் சொறிந்தார். இரண்டு கிணற்றையும் திரும்ப மொண்டார்கள், திரும்பவும் அதேதான். மறு வாரம் முனிரத்தினத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன், தர்மபுரியில் எட்டு நாள் படுக்கை. அந்த எட்டு நாளில் அவர் கிணறு பதினைந்து, இருபத்தி இரண்டு, முப்பத்தி ஒன்று என்று ஏறிக்கொண்டே போய், அவர் திரும்பி வந்து கடையைத் திறந்து முதல் டீயை ஆற்றிய அன்று சாயங்காலமே பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது.

அதிகாரி வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர்ப் பாட்டில்களைக் கூலிக்குச் சுமந்துவந்து இறக்கிய எல்லம்மாதான் விஷயத்தை உடைத்தாள். எல்லம்மா புளி வியாபாரம் செய்கிறவள், ஐம்பத்திரண்டு வயது, வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"அது கல்லுல இல்லீங்க சார், ஆளுல இருக்குது. எட்டு நாளா ஊரே காலையில எந்திரிச்சு அந்த மனுசனைத்தானே நெனச்சு ஏங்கிக் கெடந்துச்சு. அதான் அவரு கெணத்துல ஏறிக்கிச்சு."

அதிகாரி அதைக் குறிப்பேட்டில் எழுதினார், அடித்தார், 'இயற்கையான ஏற்ற இறக்கம்' என்று திருத்தி எழுதினார், மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார், சாயங்கால பஸ் ஏறினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மெஷினைத் திருப்பி எடுத்துப்போக உத்தரவு வராததால் மெஷின் மட்டும் தங்கிவிட்டது. வீட்டுக்கு மாதம் ஒரு பாட்டில் இலவசமாகச் சோதிக்க வேண்டும் என்ற உத்தரவை ரத்துசெய்ய யாருக்கும் ஞாபகம் வராததால் சோதனையும் தங்கிவிட்டது.

சீத்தாமேடு இதில் மலைத்துப்போய் நிற்கவில்லை. ஆச்சரியப்பட நேரம் ஏது, அவரவர் கிணற்றில் எத்தனை என்பதல்லவா அவசரம். "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிற இடத்தில் "எத்தனை நானோ" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தட்டில் வைத்துக்கொண்டே கிணற்றங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள். தண்ணீர் எடுக்கிற நாளுக்கு முதல்நாள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற சொந்தங்களுக்குப் போன் பறந்தது, "நாளைக்குத் தண்ணி எடுக்குறாங்கப்பா, நம்ம வீட்டைக் கொஞ்சம் நெனச்சுக்கோ" என்று. அப்படிச் சொல்லிவைத்து நினைக்கிற நினைப்புக்குக் கால் நானோகூட ஏறாது என்பதை ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. திட்டிக்கொண்டே நினைப்பதும் கணக்கில் சேராது. சேர்ந்திருந்தால் நாலு வருடமாகச் சாக்கடை தூர் வாராத கவுன்சிலர் பெருமாளப்பனின் கிணற்றில் தங்கப் பாளமே மிதந்திருக்கும். அவரும் சும்மா இருக்கவில்லை, தெருவுக்குத் தெரு தன் முகம் போட்ட பேனரைக் கட்டி, அதைப் பார்த்தாவது நாலு பேர் நினைக்கட்டும் என்று பார்த்தார். பார்த்தவர்கள் பேனரை அவிழ்த்துக் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டார்கள்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற திம்மராயன் வீட்டில் பதினான்கு நானோ வந்தபோது அவர் மனைவி சாலம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் ஒருத்தி நெனச்சா ஒண்ணோ ரெண்டோ வரும். மிச்சம் பன்னண்டு யாருது?" மனிதர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார், எடுபடவில்லை. சாலம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் இருபத்தேழு வருடம் போய்வந்த ரூட்டில் ஊர் ஊராக இறங்கி விசாரித்தாள். நாலாம் நாள் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகி வரப்பில் ஓடிவருகிற பெண்பிள்ளைகளைக் கண்டால் விசில் அடிக்காமல் பஸ்ஸை நிறுத்திவைப்பாராம். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இப்போது நர்ஸ், ஒருத்தி தாசில்தார் ஆபீஸில் இருக்கிறாள், ஒருத்தி எங்கேயோ வாத்தியார். இதை இருபத்தேழு வருடத்தில் ஒருநாள்கூட வீட்டில் சொல்லாமல் இருந்ததற்காக அவருக்குக் குழம்போடு திட்டும் கிடைத்தது.

இதிலெல்லாம் பெரிய சங்கடம், தண்ணீரை யார் மொள்வது என்பதுதான். தங்கம் படாத கை வேண்டும். தாலியைக் கழற்றிவைத்துவிட்டு வாருங்கள் என்றால் எந்த வீட்டில் கேட்பார்கள்? துணியைச் சுற்றிப் பார்த்தார்கள், பாலிதீன் பையைக் கட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை. ஆண்கள் மொள்ளட்டும் என்றால் ஆளுக்கொரு மோதிரம். மோதிரம் இல்லாத பழைய பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பல் கட்டியவர், வாளிக்கு மேலே குனிந்து இரண்டு வார்த்தை பேசியதிலேயே எட்டு நானோ விழுந்துவிட்டது. கடைசியில் குணவதி யோசித்துப் பார்த்து எல்லம்மாவைக் கூப்பிட்டாள். எல்லம்மாவுக்குப் புருஷன் செத்தபோது முப்பத்தி நாலு வயது. கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றியவள் திரும்பப் போடவில்லை. கல்யாண வீடுகளில் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகப் பழகியவள். அவள் மொண்ட தண்ணீர் பளிங்காக இருந்தது. அதற்குப் பிறகு அவளைப் போல இன்னும் ஆறு பேர் கிடைத்தார்கள். எந்த வீட்டுக் கிணற்றிலும் முதல் கை அவர்கள் கைதான் என்று ஆயிற்று. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்கள், வாசலில் நிற்கவைத்துக் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், புதுமணத் தம்பதி வீட்டுக்கு வந்தால் எல்லம்மா மொண்டு கொடுக்கும்வரை கிணற்றை யாரும் தொடக் கூடாது என்று மாமியார்களே சட்டம் பேசினார்கள். குணவதி ஒருநாள் இதை நின்று பார்த்தாள். பதினெட்டு வருட உத்தியோகத்தில் தான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் எல்லா வீட்டுக்கும் எண் வரவில்லை. சில தாள்களில் 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று அச்சாகி வந்தது. ஊர் அதைச் சுருக்கிக் 'கீழ்' என்றது. சீத்தாமேட்டில் பதினொரு வீடு கீழ். அதில் ஒரு வீடு நஞ்சம்மாவுடையது. அவள் ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். கீழ் என்று தாள் வந்த நாளிலிருந்து நஞ்சம்மா போனை எடுப்பதில்லை. "நெனைக்காதவன் எதுக்குப் பேசணும்?" என்று கேட்டுவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் போட்டு அதன்மேல் படுத்துக்கொண்டாள், சோறும் இறங்கவில்லை. எல்லம்மா ஒவ்வொரு முறை பாட்டில் கொண்டுவரும்போதும் அவள் இளைத்துக்கொண்டே போகிற சேதியையும் சேர்த்துக் கொண்டுவந்தாள்.

இன்னொரு கீழ், குணவதியுடையது. மூன்று தடவை மொண்டு பார்த்தாள். மூன்று தடவையும் கீழ். "நமக்கு ஃப்ளோரைடே போதும்" என்று எல்லோருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டாள். வீட்டில் தனியாக இட்லிக்கு ஊறப்போடும்போது, ஒரு உழக்கு அரிசியை அளக்கிற கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. வலித்தது, அதை வேறு எப்படிச் சொல்ல?

இந்த இடத்தில் பிளாங்க் பற்றிச் சொல்லியாக வேண்டும். தங்கம் அளக்கிறவர்கள் தினமும் காலையில் ஒரு வேலை செய்வார்கள். கிணற்றுத் தண்ணீரை அளப்பதற்கு முன்னால், லேபிலேயே காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, அதில் அதே ஆசிட்டை விட்டு, அதே மெஷினில் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பிளாங்க். அதில் தங்கம் இருக்கக் கூடாது. இருந்தால் அது பாட்டிலில் ஒட்டியது, ஆசிட்டில் கலந்தது, கழுவிய கையில் இருந்தது என்று அர்த்தம். கிணறுகளின் பாட்டிலிலும் அதே அழுக்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அந்த எண்ணை எல்லாக் கிணற்று எண்ணிலிருந்தும் கழித்துவிட வேண்டும். இது விதி. ஆடிக்கு முன்னால் குணவதியின் பிளாங்க் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், அவளுக்கு அதில் ஒரு கர்வமே உண்டு. ஆடிக்குப் பிறகு அது நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. விதிப்படி கழித்தாள். சில வீட்டு எண் கழித்த பிறகு பூஜ்யத்துக்கும் கீழே போனது. ஒன்றுமே இல்லாததைவிடக் குறைவாக ஒரு கிணற்றில் எப்படித் தங்கம் இருக்கும் என்று அவளுக்கு உறுத்தியது. அப்படி வந்தாலும் கீழ் என்றே எழுதிக்கொள்ள விதியில் இடம் இருந்தது. எழுதினாள்.

பாட்டில் கழுவுவது மாதையன் வேலை. லேப் உதவியாளர், நாற்பத்தேழு வயது, மனைவி தவறிப் பதினொரு வருடம் ஆயிற்று. பாட்டிலை ஆசிட்டில் ஊறவைப்பார், மூன்று தண்ணீரில் அலசுவார், தலைகீழாகக் கவிழ்த்து உலர்த்துவார். காலையில் பத்தரை மணிக்குக் குணவதிக்கு டீ போட்டு, தூசி விழாமல் டம்ளரைத் தட்டால் மூடிக் கொண்டுவந்து வைப்பார். கேட்டால் பேசுவார்.

"பாட்டிலை எத்தனை நாள் ஊற வெச்சீங்க மாதையன்?"

"ரெண்டு நாளுங்க மேடம்."

"நாலு நாள் வைங்க. பிளாங்க்ல அஞ்சு நிக்குது. என்ன கழுவுறீங்க நீங்க?"

மாதையன் நாலு நாள் வைத்தார், ஆறு தண்ணீரில் அலசினார். பிளாங்க் ஆறானது. குணவதி இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டாள். ஆசிட்டை மாற்றினார்கள், கையுறையை மாற்றினார்கள், ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஷீட் அடித்தார்கள். மீசையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் மீசையில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதோ என்று மனிதருக்கே ஒரு சந்தேகம் வந்து, மறுநாள் இருபத்தைந்து வருட மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார். அன்றைக்கு பிளாங்க் ஏழு. திட்டு வாங்குகிற அன்றெல்லாம் எண் ஏறுகிறது என்பதைக் குணவதி கவனிக்காமல் இல்லை. பயத்தில் கை நடுங்கி அழுக்குப் பட்டுவிடுகிறது போல என்று எண்ணிக்கொண்டாள். படித்தவர்களுக்கு இப்படியும் தோன்றும்.

ஐப்பசியில் மூன்று நாள் பயிற்சிக்குச் சென்னைக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. பெரிய ஆய்வுக்கூடம், மாவட்டத்துக்கு ஒருவராக இருபது வேதியியலர்கள். முதல்நாள் ஆளுக்கொரு பிளாங்க் தயாரிக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் பூஜ்யத்தை ஒட்டி வந்தது. குணவதிக்கு மட்டும் ஆறு.

"மேடம், ஏதாவது நகை போட்டிருக்கீங்களா?" என்று பயிற்சி கொடுத்த அம்மா கேட்டார்.

குணவதி காதிலிருந்த வேப்பங்குச்சியைத் தொட்டுக் காட்டினாள். புதுக் கோட்டு கொடுத்தார்கள், தலைக்கு உறை, புதுக் கையுறை, வேறு மேஜை, வேறு தண்ணீர். ஆறரை. பக்கத்தில் மதுரையிலிருந்து வந்திருந்த சின்னப் பெண், "அக்கா, நீங்க தங்க பஸ்பம் ஏதும் சாப்பிடுறீகளா?" என்று ரகசியமாகக் கேட்டாள். குணவதிக்கு மானம் போயிற்று. இடைவேளையில் சீத்தாமேட்டுக்குப் போன் போட்டாள். அவளுக்குப் பதிலாகத் தர்மபுரியிலிருந்து வந்திருந்த ஆள் எடுத்தார்.

"பிளாங்க் எப்படி இருக்கு சார்?"

"சுத்தமா இருக்குதுங்க மேடம். பாயின்ட் ஒண்ணு. உங்க மாதையன் என்னமா கழுவுறாருங்க!"

இரண்டாம் நாள் மறுபடி பார்த்தாள். ஒரு பாட்டிலைக் கையருகே வைத்துக்கொண்டு அரைமணிக்கொரு தடவை அளந்தாள். ஒன்பது மணிக்கு ஆறு, பத்து மணிக்கு ஆறு, பத்தரைக்கு ஒன்பது, பதினொன்றுக்கு மறுபடி ஆறு. மூன்றாம் நாளும் பத்தரைக்கு ஒன்பது. குணவதி அந்த எண்களை வரிசையாக எழுதி, கீழே கோடு போட்டு, பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாலாஜா தாண்டும்போது புரிந்துவிட்டது. பாட்டிலில் இல்லை, ஆசிட்டில் இல்லை. தங்கம் அவளோடு சென்னைக்கு வந்து, அவளோடு திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அவள் வீட்டுக் கிணற்றிலும் ஆறு இருந்திருக்கிறது, அவள் கையெட்டுகிற தூரத்தில் இருந்த பிளாங்கிலும் ஆறு இருந்திருக்கிறது, ஆறில் ஆறைக் கழித்துவிட்டுத் தன்னை நினைக்க யாருமில்லை என்று அவளே அச்சடித்து, அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் அழுகை வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். ஆம்பூர் வருவதற்குள் அழுகை நின்றது, பையிலிருந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அந்த ஆறை அவள் தன்னிடமிருந்து மட்டுமா கழித்தாள்? ஊரிடமிருந்தே அல்லவா கழித்திருக்கிறாள். கிணறுகளின் பாட்டிலில் அந்த ஆறு இல்லவே இல்லை, அது அந்தந்த வீட்டுத் தண்ணீர்; பிளாங்க் மட்டும்தான் அவளே பிடித்த, அவளுடைய தண்ணீர். கழிக்காமல் பார்த்தால் நஞ்சம்மா வீட்டில் நாலு.

மறுநாள் ஒன்பது மணிக்கே லேபைத் திறந்து ஆடியிலிருந்து கொடுத்த எல்லா அறிக்கையையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். பழைய கணக்கைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. கஷ்டம், படிவத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அறிக்கையைத் திருத்தினால் திருத்திய காரணத்தை எழுதி, கையெழுத்திட்டு, வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். என்ன எழுத? உண்மையை எழுதினால் இந்த ஊர் அவளை ஆயுசுக்கும் விடாது. நாற்பத்து மூன்று வயதில் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தி, என்னை ஒருவர் நினைக்கிறார் என்று முத்திரை குத்தி ஒட்டுவதா? பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். எழுதாமலே விட்டால் அதைவிடச் சுலபம், நஞ்சம்மா மட்டும் தலையணைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு இன்னும் இளைப்பாள்.

மாதையன் உள்ளே வந்தவர் பரப்பிக் கிடந்த தாள்களைப் பார்த்தார். குணவதி சொன்னாள், பிளாங்க் தப்பு, ஊர்க் கணக்கு முழுக்கத் தப்பு, இன்றைக்கே திருத்தி ஒட்ட வேண்டும், காரணம்தான் எழுதவில்லை என்று.

"என் பேர்ல எழுதிடுங்க மேடம். மாதையன் பாட்டில் சரியாக் கழுவலைன்னு. மெமோ குடுத்தாங்கன்னா வாங்கிக்கிறேன்."

"இருபத்தி ரெண்டு வருச சர்வீஸ்ல ஒரு மெமோ கிடையாது உங்களுக்கு."

"அதனால என்னங்க. ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

குணவதி பேனாவை மூடினாள். "நான் இல்லாத மூணு நாளும் பத்தரை மணிக்கு என்ன பண்ணுனீங்க?"

"டீ போட்டேங்க."

"யாருக்கு? வந்திருந்த சார் டீ குடிக்க மாட்டாரே."

மாதையன் மீசை இல்லாத உதட்டை ஒருதரம் தடவிக்கொண்டார்.

"பழக்கமாப் போச்சுங்க மேடம். போட்டு, மூடி, உங்க மேசை மேல வெச்சேன். ஆறினதும் எடுத்து ஊத்திட்டேன்."

குணவதி பேனாவைத் திறந்து, நிறுத்தாமல், ஒரே மூச்சில் எழுதினாள்: பிளாங்க் பாட்டிலில் இருந்த தங்கம் பாட்டிலைச் சேர்ந்தது அல்ல, ஆசிட்டைச் சேர்ந்தது அல்ல, கழுவியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை; சோதனை செய்தவரை ஒருவர் நினைத்ததால் அது அங்கே வந்தது; ஆறு நானோ; அதை அழுக்கு என்று எண்ணி ஊரார் கணக்கிலிருந்து கழித்தது சோதனை செய்தவரின் தவறு. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பசையைக் கையில் எடுத்துக்கொண்டு தானே போய் ஒட்டினாள். காது இரண்டும் கொதித்தது.

அரைமணி நேரத்தில் பலகையைச் சுற்றித் தேர்க்கூட்டம். எல்லோருக்கும் கூடியிருந்தது. பதினொரு கீழும் காணாமல் போயிருந்தன. ரெண்டும் மூணும் நாலுமாக ஆளுக்கு ஏதோ இருந்தது. நஞ்சம்மா தன் நாலை இரண்டு பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டைப் பார்த்து ஓடினாள்; போன் தலையணைக்கு அடியில் இருந்தது. திம்மராயனுக்கு பதினான்கு இருபதாகிவிட்டது, சாலம்மா அவரை மறுபடி மேலும் கீழும் பார்த்தாள். கவுன்சிலர் பெருமாளப்பனுக்கு ஒன்று வந்திருந்தது. கூட்டம் முழுக்க அவர் மனைவி பக்கம் திரும்ப, "சத்தியமா நான் இல்லைங்க" என்று அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த ஒரு நானோ யாருடையது என்று கவுன்சிலர் அன்றிலிருந்து தெருத் தெருவாக யோசித்துக்கொண்டு நடந்ததில், போகிற வழியில் சாக்கடை அவர் கண்ணில் பட்டு, தூர் வாரப்பட்டது.

கடைசிக் கட்டத்தை எல்லம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க மேடம், எல்லாம் எழுதினீங்க, அந்த ஒருத்தர் யாருன்னு எழுதலையே?"

"ஃபாரத்துல அதுக்கு இடம் இல்லை எல்லம்மா."

"இடம் எதுக்கு? மூஞ்சியைப் பாத்தாத் தெரியுது," என்றாள் எல்லம்மா. மொத்தக் கூட்டமும் ஜன்னல் வழியாக மாதையனின் மழித்த மேலுதட்டைப் பார்த்தது. மாதையன் ஆசிட் தொட்டிக்குள் தலையையே விட்டுவிடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். எல்லம்மா சிரித்துக்கொண்டே கூட்டத்தைக் கையால் ஒதுக்கி, "வேலை பாக்க விடுங்கப்பா, போங்க போங்க" என்று விரட்டினாள். அவளும் கொஞ்ச தூரம் போய் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சத்தம் அடங்கிய பிறகு குணவதி பதிவேட்டைப் புரட்டினாள். ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. முந்நூற்றுப் பதினொன்றுக்கு எண் இருந்தது.

"மாதையன், உங்க கிணத்துத் தண்ணி ஒருதரம்கூட வரலையே."

"என் வீட்டுல யாருங்க இருக்காங்க? நான் ஒருத்தன்தான். எதுக்கு ஒரு பாட்டிலை வீணாக்கணும்னு விட்டுட்டேன்."

"சர்க்கார் கணக்கு, விடக் கூடாது. மொண்டுட்டு வாங்க."

மாதையன் உலர்ந்திருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூடியை இறுக்கினார். "இப்பவே போய் மொண்டுட்டு வரட்டுங்களா?"

குணவதி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இப்ப வேணாம். எனக்கே நேத்துதானே தெரிஞ்சுது. ஒரு வாரம் போகட்டும், நல்லா ஏறட்டும்."